போஸ்டருக்குக் காது கிடையாது: சியரா லியோனிலிருந்து ஒரு திறந்த மடல்

மேற்கு ஆப்பிரிக்காவில் சுகாதாரப் பணிகளுக்கு நிதி தரும் நிறுவனத்தின் திட்டக் குழுவினருக்கு,

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கடிதம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் ஆறாவது பத்தியைப் பற்றியது இது. சியரா லியோனின் போ (Bo) மாவட்டத்தில் எங்கள் பொறுப்பில் இருக்கும் 38 கிராம மொபிலைசர்களுக்கு, அதாவது ஊரோடு பேசிப் பழகும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்கு, தரும் மாதப் படி இந்தக் காலாண்டோடு நிற்கிறது. மெண்டே மொழியில் வாரம் ஒருமுறை போகும் வானொலி நிகழ்ச்சியும் நிற்கிறது. பதிலுக்கு ஆங்கிலப் போஸ்டர்களும் கைபேசிக் குறுஞ்செய்திகளும் வரும். "தற்சமயம் பெருந்தொற்று ஏதும் இல்லாத சூழலில்" இது சிக்கனமான ஏற்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். வெயில் அடிக்கிறதே என்று கூரையைப் பிரித்து விற்கிற சிக்கனம் இது.

ஆங்கிலத்தில் நான் எழுதிய பதிலுக்கு ஐந்து வாரமாக ஒரு வரி வரவில்லை. சரி, என் மொழியிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் தலைமை அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது உண்டு. அதில் ஒருவர் ஃப்ரீடவுனில் என் வீட்டுப் புளிக்குழம்பைச் சாப்பிட்டவர். மற்றவர்கள் அவரைத் தேடிப் பிடித்து, இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும். அவருக்கு நேரம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அவர் சரியாகத்தான் சொல்கிறாரா, எதையாவது விழுங்கிவிட்டாரா என்று சந்தேகமும் வரும். இந்த மூன்றும் ஒருமுறையாவது உங்களுக்கு நேர வேண்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2014 அக்டோபரில் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். எபோலா உச்சத்தில் இருந்தது. அடக்கக் குழுவுக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் நடுவே நின்று பேச ஆள் தேவைப்பட்டது. மதுரைப் பக்கம் பத்து வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். ஊர்ப் பெரியவர்களிடம் பேசத் தெரியும் என்ற தைரியத்தில் கிளம்பிவிட்டேன். அந்தத் தைரியம் முதல் வாரத்திலேயே போய்விட்டது.

முதல் வாரம் நாங்கள் போன ஒரு கிராமத்தில், மாமரத்தடியில் ஆங்கிலப் போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி, காய்ச்சலில் கிடந்த பேரனை உள்ளே வைத்திருந்தார். நாட்டில் வயது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களும் எல்லோரும் ஆங்கிலம் படிப்பவர்கள் இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டி எங்கள் ஓட்டுநரிடம் கேட்டார். அவர் மெண்டேயில் சொன்னார்: எபோலாவுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, உடனே மருத்துவமனைக்கு வரவும். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மருந்தே இல்லையென்றால் அவ்வளவு தூரம் எதற்கு? என் மடியிலேயே போகட்டும்" என்றார்.

அவருடைய தர்க்கத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஓட்டை போஸ்டரில் இருந்தது. அதைத் தயாரித்தவர்கள் பயமுறுத்தினால் மக்கள் ஓடி வருவார்கள் என்று நினைத்தார்கள். சீக்கிரமே வந்து உப்பு, சர்க்கரைக் கரைசலும் டிரிப்பும் எடுத்துக்கொண்டால் பிழைப்பதற்கு வாய்ப்பு கூடும் என்ற ஒரே ஒரு பயனுள்ள செய்தி அதில் இல்லை. இதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வௌவாலையும் குரங்கையும் சிவப்புக் கோடு போட்டு அடித்த துண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அதற்குள் நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவிக்கொண்டிருந்தது. எங்கள் துண்டறிக்கையைப் பார்த்து, "நாங்கள் காட்டுக்கறி சாப்பிடுவதில்லை, அதனால் எங்களுக்கு வராது" என்று நிம்மதியாகப் பிணத்தைக் குளிப்பாட்டிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வருவதற்கு முன்பே, 2014 ஜூலையில், கெனிமா மருத்துவமனை முன் பெரும் கூட்டம் திரண்டு போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியிருந்தது. எபோலா என்று ஒன்றும் இல்லை, உள்ளே மனித மாமிசம் தின்னும் சடங்கு நடக்கிறது என்று சந்தையில் ஒருவர் பேசிய பேச்சுதான் தொடக்கம். நான்கு நாள் கழித்து அதே மருத்துவமனையின் எபோலா பிரிவை நடத்திய டாக்டர் ஷேக் உமர் கான் அந்த நோயாலேயே இறந்தார். ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை ஒரே இரவில் முள்கம்பியால் அடைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் செத்தான். பத்து நாளில் கம்பியை எடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் கினியின் வோமே கிராமத்தில் விழிப்புணர்வுக் குழுவாகப் போன எட்டுப் பேரை, சுகாதாரப் பணியாளர், அதிகாரி, பத்திரிகையாளர் என்று பாராமல், ஊர்க்காரர்கள் கொன்றுபோட்டார்கள். கிருமிநாசினி தெளிக்க வருகிறவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று அந்த வட்டாரத்தில் நம்பினார்கள். இதையெல்லாம் "தவறான தகவல்" என்ற தலைப்பில் உங்கள் அறிக்கைகளில் போட்டு மூடிவிடுகிறீர்கள். கொலையை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் முகமூடி போட்ட ஆள் வருகிறான், தெரியாத மொழியில் பேசுகிறான், மருந்து தெளிக்கிறான், அம்மாவை வண்டியில் ஏற்றுகிறான், அதற்கப்புறம் அம்மாவைப் பற்றித் தகவலே இல்லை. இதில் வதந்தி பிறக்காமல் வேறென்ன பிறக்கும்?

அடக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கற்றதெல்லாம் அங்கேதான். எபோலாவில் இறந்தவரின் உடலில் கிருமி நிறைந்திருக்கும். குளிப்பாட்டுவதும் தொடுவதும் பல பேருக்குத் தொற்றைக் கொடுத்தது. அதனால் எங்கள் குழு ஆரம்பத்தில் என்ன செய்தது? போவோம், குளோரின் அடிப்போம், கறுப்புப் பையில் உடலைப் போட்டு ஜிப்பை இழுப்போம், பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்புவோம். இருபது நிமிடம். இங்கே பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். அவர்களுக்குக் கஃபன் துணி வெள்ளை. கறுப்புப் பையைப் பார்த்த பெண்கள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "உங்கள் ஊரில் பிணத்தைக் குப்பை மாதிரிதான் அள்ளுவீர்களா?" நான் பதில் சொல்லவில்லை. என் அப்பாவுக்கு நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்த பேரப்பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள்.

விளைவு, ஊர்கள் பிணங்களை மறைக்க ஆரம்பித்தன. இரவில் புதைத்தார்கள். 117 என்ற எண்ணுக்கு அழைத்தால் வண்டி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தால் என்ன நடக்கும் என்றும் தெரியும், அதனால் அழைக்கவில்லை. மன்ரோவியாவில் இதைவிட மோசம். அங்கே உடல்களை எரித்தார்கள். எரிப்பது எங்களுக்கு வழக்கம், அவர்களுக்கு அது அவமானம்.

மாறியது எப்படி? 2014 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் பாதுகாப்பான, கண்ணியமான அடக்கத்துக்கான புதிய நெறிமுறையை வெளியிட்டது. இமாம்களையும் பாதிரியார்களையும் கலந்து எழுதியது. காகிதத்தில் அது சில பக்கங்கள். கிராமத்தில் அதற்கு உயிர் கொடுத்தவர்கள் எங்கள் மொபிலைசர்கள். குழு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒகாடா மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்கள். முதலில் "ஔ டி பாடி?" என்று கேட்பார்கள். நாட்டின் பொதுமொழியான கிரியோவில் நலம் விசாரிப்பது அது, நேராகச் சொன்னால் "உடம்பு எப்படி?" பிணம் கிடக்கும் வீட்டிலும் அதைக் கேட்காமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. அப்புறம் ஊர்த் தலைவரைப் பார்ப்பார்கள். பிறகு குடும்பத்திடம், என்ன துணி, எந்தப் பக்கம் தலை, யார் தொழுகை நடத்துவது, குழி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கவச உடை போடுகிறவர்கள் குடும்பத்தின் கண்முன்னே போடுவார்கள், உள்ளே இருப்பது மனித முகம்தான் என்று தெரிவதற்காக. பை வெள்ளையாகிவிட்டது. உறவினர்கள் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று தொழுதார்கள். மண்மேட்டில் பெயர் எழுதிய பலகை நட்டோம்.

இருபது நிமிட வேலை இரண்டு மணி நேரம் ஆனது. உங்களைப் போன்ற ஒரு நிதியாளர் அப்போது "ஒரு நாளைக்கு எத்தனை அடக்கம்" என்ற கணக்கு குறைந்துவிட்டதாகக் கேள்வி கேட்டார். ஆனால் 117-க்கு அழைப்புகள் கூடின. மறைக்க வேண்டிய அவசியம் போனது.

அந்தத் தொற்றில் சியரா லியோன், லைபீரியா, கினி மூன்று நாடுகளிலும் சேர்த்து 28,600 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள். சியரா லியோனில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேருக்கு நோய், 3,950க்கு மேல் மரணம். நாடு முழுக்க அப்போது 2,500 பேர் அளவில் மொபிலைசர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் பாடம் நடத்தவில்லை. ஊரைக் கூட்டி உட்காரவைத்து, இங்கே யார் யார் இறந்தார்கள், எந்த வரிசையில், யார் அவர்களைத் தொட்டது என்று ஊரையே சொல்லச் சொன்னார்கள். சொல்லி முடிக்கும்போது, அடுத்து என்ன செய்வது என்று ஊரே முடிவெடுத்திருக்கும்.

மக்களுக்கு ஒன்றும் தெரியாது, நாம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதனால் குலு கதையைச் சொல்கிறேன். 2000 அக்டோபரில் வடக்கு உகாண்டாவில் குலு நகரைச் சுற்றி எபோலா வந்தது. 425 பேருக்குத் தொற்று, 224 பேர் இறந்தார்கள். அங்குள்ள அச்சோலி மக்களிடம் கொள்ளைநோய்க்கு 'கெமோ' என்று ஒரு பெயரும், அது வந்தால் என்ன செய்வது என்ற பழைய முறையும் இருந்தன. நோயாளியை மற்ற வீடுகளிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி ஒரு வீட்டில் வைப்பார்கள். ஏற்கெனவே அந்த நோய் வந்து பிழைத்தவர்தான் பார்த்துக்கொள்வார். வாசலின் இரு பக்கமும் யானைப்புல் தட்டையை நட்டுவைப்பார்கள். பார்த்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள். நடமாட்டத்தைக் குறைப்பார்கள், ஆட்டம்பாட்டம் கிடையாது, குணமானவரும் ஒரு முழு நிலவுச் சுற்று தனியே இருக்க வேண்டும். வெளியாட்கள் இதையெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டது நோய் பரவிய பிறகு.

இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் வர மாட்டார்கள், வீட்டில் தாளிப்பு கிடையாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை வெளியே போகாது. யானைப்புல்லுக்குப் பதில் வேப்பிலை, அவ்வளவுதான். மெண்டே பெரியவர்களிடம் இந்த வேப்பிலைக் கதையைச் சொன்னால் அவர்கள் தாத்தா காலத்துப் பெரியம்மைக் கதைகளை எடுத்துவிடுவார்கள். அங்கிருந்து தனிமைப்படுத்தலைப் பற்றிப் பேசுவது சுலபம். ஆங்கிலத்தில் தயாராகும் குறுஞ்செய்தியில் இதற்கு எங்கே இடம்?

காங்கோவைப் பற்றி நீங்களே நிறைய அறிக்கை எழுதியிருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 முதல் 2020 வரை அதன் கிழக்கு மாகாணங்களான வடக்கு கிவுவிலும் இதூரியிலும் 3,470 பேருக்கு எபோலா வந்து 2,287 பேர் இறந்தார்கள். இந்த முறை தடுப்பூசி கையில் இருந்தது. ஆனாலும் சிகிச்சை மையங்கள் கத்வாவிலும் புத்தெம்போவிலும் தாக்கப்பட்டன. டாக்டர் ரிச்சர்ட் முசோகோ 2019 ஏப்ரலில் புத்தெம்போ மருத்துவமனையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். எபோலாவைக் காரணம் காட்டி அந்த வட்டாரத்தில் மட்டும் 2018 டிசம்பர் தேர்தலைத் தள்ளிவைத்ததை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசியுங்கள். அங்குள்ள மக்கள் பல வருடம் படுகொலைகளில் செத்துக்கொண்டிருந்தபோது வராத வண்டிகள் எபோலாவுக்கு மட்டும் வரிசையாக வந்ததையும்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச் 31 அன்று சியரா லியோனில் முதல் தொற்று உறுதியானது. அதற்கு முன்பே எங்கள் மொபிலைசர்கள் தலைவர்களுக்குப் போன் போட்டுவிட்டார்கள். கை கழுவுவதற்கான பழைய வெரோனிகா வாளிகள், குழாய் வைத்தவை, பள்ளிவாசல் முன்பும் சந்தை முன்பும் மறுபடி வந்து உட்கார்ந்தன. யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அடுத்த வாரமே வேறொரு வேலை வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இரண்டு மருத்துவர்கள், ஒரு சிகிச்சையை ஆப்பிரிக்காவில் சோதித்துப் பார்க்கலாமே என்று பேசிக்கொண்டார்கள். உலகச் சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் அதைக் கண்டித்தார். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் போ சந்தை வரை வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு வருடம் கழித்துத் தடுப்பூசி வந்தபோதும் மக்கள் அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். வதந்தி எங்கள் மாமரத்தடியில் முளைக்கவில்லை, பாரிஸ் ஸ்டுடியோவிலிருந்து வந்தது.

அந்தத் தடுப்பூசி விஷயத்தில் உங்கள் ஆவணங்கள் "மக்களின் தயக்கம்" என்று பக்கம் பக்கமாகப் பேசின. எங்கள் மொபிலைசர்கள் சொன்னது வேறு: ஊசி இருக்கும் இடத்துக்குப் போகக் காசு இல்லை, நேரம் இல்லை. நாங்கள் சொன்னால் அனுபவக் கதை என்பீர்கள். சரி, ஆய்வையே பாருங்கள். 2022-ல் இந்த நாட்டின் 150 தொலைதூரக் கிராமங்களில் நடந்து, 2024-ல் நேச்சர் இதழில் வெளியானது அது. அந்தக் கிராமங்களிலிருந்து தடுப்பூசி மையத்துக்குப் போகவே சராசரியாக மூன்றரை மணி நேரம். ஊசியையும் செவிலியரையும் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். போனதும் ஊசியை எடுக்கவில்லை. முதலில் ஊர்த் தலைவர்களைப் பார்த்தார்கள், மாலையில் கூட்டம் போட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள், அதற்குப் பிறகுதான் முகாம். இரண்டு மூன்று நாளுக்குள் ஊசி போட்டவர்கள் விகிதம் சுமார் 26 சதவீதப் புள்ளி கூடியது. ஓர் ஆளுக்கு ஆன செலவு சுமார் 33 டாலர்.

இப்போது அந்த ஆறாவது பத்திக்கு வருகிறேன். "பெருந்தொற்று ஏதும் இல்லாத சூழலில்" மொபிலைசர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி தவறிய வீட்டுக்குப் போகிறார்கள். கிணற்றுத் தகராறில் நடுவே உட்காருகிறார்கள். தலைவர் வீட்டுத் துக்கத்துக்குப் போகிறார்கள். எலியால் பரவும் லாஸா காய்ச்சல் இந்த வட்டாரத்தில் வந்துபோய்க்கொண்டே இருக்கிறது. எலி புகாமல் அரிசியை மூடிவை என்று சொல்கிறார்கள். பார்த்தால் அற்பமான வேலைகள். 2025 ஜனவரியில் எம்பாக்ஸுக்காக (குரங்கம்மைக்காக) இந்த நாடு அவசரநிலை அறிவித்தபோது, உடம்பில் கொப்புளம் வந்த இளைஞர்கள் யாரிடம் வெட்கப்படாமல் சட்டையைக் கழற்றிக் காட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? குறுஞ்செய்தியிடமா? அந்த அறிமுகத்தைத் தொற்று வந்த அன்றைக்குக் கடையில் வாங்க முடியாது. 2014-ல் வாங்கப் பார்த்தோம், விலை உங்களுக்குத் தெரியும்.

எங்கள் மொபிலைசர்களில் ஒரு பெண் பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறார். எபோலாவில் கணவரை இழந்து தானும் நோயிலிருந்து பிழைத்தவர். நீங்கள் தரும் படி மாதத்துக்கு ஒரு மூட்டை அரிசிக்கும் வராது. சுற்றறிக்கையை நான் அவருக்கு மெண்டேயில் படித்துக் காட்டினேன், தப்பும் தவறுமாக. முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர்கள் யாராவது இங்கே வந்து தூங்கியிருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

எனவே நான் கேட்பது இவை. ஆறாவது பத்தியைத் திரும்பப் பெறுங்கள். இந்தக் காலாண்டு முடிவதற்கு முன், எழுத்தில். 38 பேரின் படியைத் தொற்றுக்கால நிதியிலிருந்து எடுத்து நிரந்தரச் செலவுக் கணக்கில் வையுங்கள், அறிவிப்பு வந்தால் திறப்பதும் அடங்கினால் மூடுவதுமாக அது இருக்கக் கூடாது. மெண்டே வானொலி நிகழ்ச்சி தொடரட்டும், அதில் கேட்பவர்கள் போன் செய்து கேள்வி கேட்கும் அரை மணி நேரத்தை வெட்டாதீர்கள். அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குப் பாடம். போஸ்டர் அச்சடிக்கத்தான் வேண்டுமென்றால், அச்சுக்குப் போகும் முன் எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதைக் கேட்டு எழுதி அனுப்ப அனுமதி தாருங்கள். ஊரில் எழும் கேள்விகளையும் புகார்களையும் மாதாமாதம் நாங்கள் அனுப்புகிறோம்; எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று முப்பது நாளுக்குள் பதில் வேண்டும். இப்போது எங்கள் அறிக்கைகள் போகின்றன, திரும்பி எதுவும் வருவதில்லை.

கடைசியாக, உங்களில் முடிவெடுக்கும் ஒருவர் இங்கே வர வேண்டும். ஃப்ரீடவுன் ஓட்டலில் நடக்கும் பயிலரங்குக்குச் சொல்லவில்லை. மழைக்கு முன், ஏப்ரலில் வாருங்கள். பிறகு சாலை இருக்காது. ஒரு இரவு கிராமத்தில் தங்க வேண்டும். மரவள்ளிக் கீரைக் குழம்பும் சோறும் தருவோம். எந்தத் தேதி என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள், தலைவருக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும்.

போ மாவட்டத்திலிருந்து,
முன்னாள் அடக்கக் குழு ஒருங்கிணைப்பாளன்